முதுகை இழுத்துவிடும் நாற்காலி என்ன செய்கிறது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெரியப்பா போன் செய்தார். பின்னால் ஒரே இரைச்சல். "பாப்பா, செபராங் ஜெயா பேரங்காடியில ஒரு நாற்காலியில உட்கார்ந்திருக்கேன். இடுப்புல இருந்த பாரத்த யாரோ இறக்கி வச்ச மாதிரி இருக்கு. நாலாயிரத்து முந்நூறு வெள்ளியாம். வாங்கிடலாமா?"

பெரியப்பா 26 வருஷம் பட்டர்வொர்த்திலிருந்து கிள்ளானுக்கு கண்டெய்னர் லோரி ஓட்டியவர். பளபளப்பைப் பார்த்து மயங்குகிற ஆள் இல்லை. ஐம்பது வெள்ளிச் செருப்பு வாங்கவே மூன்று கடை ஏறி இறங்குவார். அப்படிப்பட்டவர் குரலில் அன்று ஒரு நிம்மதி இருந்தது. அதைக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்ததால் "வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. "பணம் கட்டிடாதீங்க பெரியப்பா. ஆனா எழுந்திரிக்கவும் வேணாம். நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டு புக்கிட் மெர்தாஜாமிலிருந்து கிளம்பினேன்.

நான் ஃபிசியோதெரபிஸ்ட். 14 வருஷமாக இடுப்பு வலிக்காரர்களோடுதான் என் பொழுது போகிறது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் நாளெல்லாம் குனிந்து சில்லு பார்க்கிற அக்கா, பினாங்குப் பாலத்தில் தினமும் நாலு முறை போய்வருகிற கிராப் ஓட்டுநர், பேரப்பிள்ளையைத் தூக்கித் தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்ட பாட்டி என்று எல்லாரும் இப்போது இந்த நாற்காலியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அன்று பெரியப்பாவுக்கு நான் சொன்னதையும், வீட்டுக்கு வந்தபிறகு அவர் கேட்ட கேள்விகளையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த நாற்காலி. தூரத்திலிருந்து பார்த்தால் பல் மருத்துவர் வைத்திருப்பதைப் போல இருக்கும். கிட்டே போனால் வித்தியாசம் தெரியும். கைப்பிடிகள் சாதாரண நாற்காலியைவிட ஒரு சாண் உயரம். முழங்கையும் முன்கையும் அழுந்தி உட்காரும்படி அகலமான மெத்தை. விலா எலும்பைச் சுற்றி ஒரு பட்டை, இடுப்பெலும்பைச் சுற்றி இன்னொன்று. பக்கவாட்டில் ஒரு கைச்சக்கரம். விற்பனைக்கு நின்ற பையன் "அங்கிள், மூச்சை விடுங்க" என்று சொல்லிக்கொண்டே அதைச் சுற்றினான். முதுகுப் பலகை பின்னால் சாய்ந்தது. அப்புறம் உட்காரும் பலகை மட்டும் இரண்டு விரல்கட்டை அளவுக்கு முன்னும் கீழுமாக நகர்ந்தது. பெரியப்பாவின் சட்டை விலாப் பட்டைக்குக் கீழே இறுகி, ஒரு பொத்தான் தெறிக்கிற மாதிரி நின்றது. தோள் இரண்டும் காதுப் பக்கம் ஏறின. பிறகு, ஒரு பத்து எண்ணுவதற்குள், அதே தோள் தானாகக் கீழே இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தப் பத்து விநாடியில் அவர் முதுகுக்குள் என்ன நடந்தது என்பதுதான் விஷயம்.

எலும்புக்கு நடுவே இருக்கும் மெத்தை

இடுப்புப் பகுதியில் ஐந்து முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. மருத்துவச் சீட்டில் எல்-1 முதல் எல்-5 வரை எழுதியிருப்பது இவற்றைத்தான். ஒவ்வோர் எலும்புக்கும் அடுத்த எலும்புக்கும் நடுவே ஒரு மெத்தை. அதை இடைவட்டு என்று எழுதுகிறோம், பேசும்போது எல்லாருக்கும் அது டிஸ்க்தான். வெளியே நார் நாராகப் பல அடுக்கு வளையம், உள்ளே வழவழப்பான கூழ். இளம் வயதில் அந்தக் கூழில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்.

சந்தையில் விற்கும் ஒண்டே ஒண்டே கூயை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே பச்சை மாவு, உள்ளே வெல்லப்பாகு. ஒரு பக்கம் அழுத்தினால் பாகு எதிர்ப்பக்கம் ஓடும். மாவு எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கே புடைக்கும், இன்னும் அழுத்தினால் பிதுங்கி வெளியே வரும். டிஸ்க் புடைப்பதும் பிதுங்குவதும் ஏறக்குறைய இப்படித்தான். பிதுங்கியது பக்கத்தில் இருக்கும் நரம்பு வேரை உரசினால் பிட்டத்திலிருந்து காலுக்கு மின்னல் மாதிரி வலி ஓடும். அதுதான் சயாட்டிகா. பெரும்பாலும் கடைசி இரண்டு டிஸ்க்கில்தான் இந்தத் தொல்லை, ஏனென்றால் பாரம் அதிகம் விழுவது அங்கேதான். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: "டிஸ்க் நழுவிவிட்டது" என்கிறோமே, அது நழுவுவதில்லை. மேலும் கீழும் எலும்போடு கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே நாற்காலியோ ஆளோ அதை "இடத்தில் உட்கார வைக்கிறேன்" என்று சொன்னால், அப்படி உட்கார வைக்க அங்கே எதுவும் இல்லை.

வளர்ந்தவர்களின் டிஸ்க்குக்குள் ரத்தக் குழாய் போவதில்லை. வெளி நாரில் மட்டும் கொஞ்சம் உண்டு. அதற்கு வேண்டிய சத்து மேலும் கீழும் உள்ள எலும்பிலிருந்து கசிந்துதான் வருகிறது. பகலில் நாம் நிமிர்ந்து நடமாடும்போது பாரம் அழுத்தி உள்ளே இருக்கும் நீர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். இரவில் படுத்ததும் திரும்ப ஊறும். காலையில் எழுந்ததும் கதவு நிலையில் முதுகை ஒட்டி நின்று தலைக்கு மேல் பென்சிலால் கோடு போடுங்கள். ராத்திரி படுக்கப் போகுமுன் திரும்பவும் நின்று பாருங்கள். ஒன்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் வரை குள்ளமாகியிருப்பீர்கள். என் கிளினிக் கதவில் இந்தக் கோடுகள் நிறைய இருக்கின்றன.

நாற்காலி விற்பவர்கள் இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். பகலில் நசுங்குகிறது, ஆகவே இழுத்துவிட்டால் சரியாகும் என்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எடையே இல்லாத இடத்துக்குப் போனவர்களை யோசித்துப் பாருங்கள். விண்வெளி நிலையத்தில் முதுகெலும்புமேல் பாரமே கிடையாது. அங்கே போகிறவர்கள் 5 சென்டிமீட்டர் வரைகூட உயரம் கூடுகிறார்கள். நம் மலேசியாவிலிருந்து 2007 அக்டோபரில் அங்கே போய்வந்த ஷேக் முஸாபர் ஓர் எலும்பு மருத்துவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? சரி, விஷயத்துக்கு வருகிறேன். அப்படி முதுகு நீளுகிற வீரர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அங்கே முதுகு வலிக்கிறது என்கிறார்கள். டிஸ்க் அளவுக்கு மீறி ஊறினாலும் தொல்லைதான். நீட்டுவது ஒன்றே மருந்தாக இருந்தால் அவர்களுக்கு வலியே வந்திருக்கக்கூடாது.

லோரி டயர்க் கணக்கு

டிஸ்க்குக்குள் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று ஊசி செலுத்தி அளந்திருக்கிறார்கள். சுவீடனில் நாகெம்சன் என்ற எலும்பு மருத்துவர் 1960களில் இதைத் தொடங்கிவைத்தார். பிறகு ஜெர்மனியில் வில்கே குழுவினர் ஒரு தன்னார்வலரின் டிஸ்க்குக்குள் சிறிய அழுத்தமானி வைத்து, அவர் படுக்க, உட்கார, குனிய, பாரம் தூக்க, ஒவ்வொன்றையும் குறித்து 1999-ல் வெளியிட்டார்கள். ஒரே ஒருவரிடம் அளந்த கணக்குதான். ஆனாலும் எந்த நிலையில் கூடுகிறது, எதில் குறைகிறது என்று புரிந்துகொள்ள அதைவிட நல்ல பட்டியல் எனக்குக் கிடைத்ததில்லை.

அவர்கள் மெகாபாஸ்கலில் எழுதியிருக்கிறார்கள். பெரியப்பாவுக்கு அது புரியாது, ஆனால் டயருக்கு எவ்வளவு காற்றடிப்பது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். அதனால் டயர்க் காற்றை அளக்கும் பி.எஸ்.ஐ. கணக்காக்கிச் சொன்னேன். மல்லாந்து படுத்திருக்கும்போது சுமார் 15. மோட்டார் சைக்கிள் டயருக்கு அடிப்பதில் பாதி. நிற்கும்போது 73. சாய்மானம் இல்லாமல் உட்கார்ந்தால் 67. நின்றபடி முன்னால் குனிந்தால் 160. முதுகை வளைத்து 20 கிலோ பெட்டியைத் தூக்கினால் 330-ஐத் தாண்டுகிறது. "என் லோரி டயரே 110தானே பாப்பா!" என்றார். ஆமாம். டிஸ்க் லோரி டயரைவிடக் கெட்டி. அதை முதலில் நம்புங்கள் என்றேன்.

இந்தப் பட்டியலில் இன்னொரு எண் இருக்கிறது. நாற்காலி விஷயத்தில் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுவது அதுதான். அதே ஆள் சாதாரண நாற்காலியில் சாய்மானத்தின்மேல் நன்றாகச் சரிந்து உட்கார்ந்தபோது அழுத்தம் 39-க்கு இறங்கியது. பட்டை இல்லை, சக்கரம் இல்லை, சும்மா சாய்ந்ததற்கே கிட்டத்தட்ட பாதி குறைகிறது. மேலுடம்பின் எடையை முதுகுப் பலகை வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே பெரியப்பா உட்கார்ந்த அந்த நாற்காலி மூன்று வேலையை ஒன்றாகச் செய்கிறது. பின்னால் சாய்க்கிறது. கைப்பிடி வழியாக எடையை வாங்கிக்கொள்கிறது. கடைசியில் பட்டைகளால் மேலே ஒரு பக்கமும் கீழே ஒரு பக்கமும் இழுக்கிறது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது மூன்றாவது. சுகத்தில் பெரும்பங்கு முதல் இரண்டிலிருந்து வருகிறது என்பது என் அனுபவம்.

இரண்டாவதை வீட்டிலேயே கண்ணால் பார்க்கலாம். கைப்பிடி உள்ள கெட்டியான நாற்காலியில் குளியலறை எடைக்கருவியை வைத்து அதன்மேல் உட்காருங்கள். எண் தெரியாது, பக்கத்தில் ஒருவர் குனிந்து பார்க்க வேண்டும். பெரியப்பா 78 கிலோ. பாதம் தரையில் இருந்ததால் கருவி 63 காட்டியது. முன்கைகளைக் கைப்பிடியில் ஊன்றி, எழும்பாமல் லேசாக அழுத்தச் சொன்னேன். 50, 46, அப்புறம் 41-ல் நின்றது. 22 கிலோ கைக்குப் போய்விட்டது! பெரியம்மா குனிந்து எண்ணைச் சத்தமாக வாசித்துக்கொண்டே இருந்தார், அவர் சிரிப்பை அடக்க முடியவில்லை. உடம்பின் எடையில் பாதிக்கு மேல் இடுப்புக்கு மேலேதான் இருக்கிறது. அதில் ஒரு பகுதியைக் கை தாங்கினால் இடுப்பு டிஸ்க் அந்த அளவுக்கு ஓய்வெடுக்கிறது.

ஆனால் இதில் ஒரு சூட்சுமம். டிஸ்க்கை அழுத்துவது எடை மட்டும் இல்லை, சுற்றியிருக்கும் தசைகளும் இறுகி அழுத்துகின்றன. பயந்துகொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தால் தசை விறைத்து, மேலே குறைந்த பாரத்தைக் கீழே கூட்டிவிடும். பெரியப்பாவின் தோள் முதலில் காதுக்கு ஏறி, அப்புறம் இறங்கியதே, அந்த இறங்கிய கணத்தில்தான் அவருக்குச் சுகம் தொடங்கியது.

இழுப்பதைப் பற்றி ஒன்று. மருத்துவமனையில் கட்டிலில் படுக்கவைத்து இழுக்கும்போது உடம்புக்கும் மெத்தைக்கும் உள்ள உராய்வையே முதலில் வெல்ல வேண்டும். அதற்கே உடம்பின் எடையில் கால்பங்கு அளவு விசை போய்விடும். அதனால்தான் நடுவில் பிளந்து நகரும் கட்டில்கள் செய்தார்கள். உட்கார்ந்தபடி இழுக்கும் நாற்காலியில் உடம்பின் சொந்த எடையே கீழ்நோக்கி உதவுகிறது. ஒரு கருவியாக யோசித்தால் கெட்டிக்காரத்தனமான அமைப்புதான், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

சுகம் கிடைக்கிறது, குணமாகிறதா?

முதுகை இழுத்து வைத்தியம் செய்வது புதிது இல்லை. கிரேக்க மருத்துவர் ஹிப்போக்ரடீஸ் காலத்திலேயே, சுமார் 2,400 வருஷங்களுக்கு முன், கயிறும் உருளையும் வைத்த பலகை இருந்தது. கடந்த நூற்றாண்டில் இங்கிலாந்து மருத்துவர் ஜேம்ஸ் சிரியாக்ஸ் இந்த இழுவைச் சிகிச்சைக்கு மறுபடி பெயர் வாங்கித் தந்தார். நான் படித்த காலத்தில் எங்களுக்கும் அதைச் சொல்லித்தந்தார்கள். என் கையாலேயே எத்தனையோ பேரைக் கட்டிலில் கட்டி இழுத்திருக்கிறேன்.

அப்புறம் ஆராய்ச்சிகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தார்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் கொக்ரேன் அமைப்பு 2013-ல் 32 ஆய்வுகளை, 2,762 நோயாளிகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. காலுக்கு ஓடும் வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், தனியாக இழுத்தாலும் வேறு சிகிச்சையோடு சேர்த்து இழுத்தாலும், வலி குறைவதிலோ வேலைக்குத் திரும்புவதிலோ சொல்லும்படியான வித்தியாசம் இல்லை என்று வந்தது. இங்கிலாந்தில் மருத்துவர்களுக்குச் சிகிச்சை வழிகாட்டி எழுதும் நைஸ் அமைப்பு 2016-ல் இடுப்பு வலிக்கு இழுவைச் சிகிச்சை தரவேண்டாம் என்றே எழுதிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கு முதன்முறையாக வழிகாட்டி வெளியிட்டது. வழக்கமாகத் தரவேண்டாம் என்ற பட்டியலில் இழுவையும் இருக்கிறது, இடுப்புப் பட்டையும் இருக்கிறது. செய்யலாம் என்பதில் உடற்பயிற்சி, வலியைப் பற்றிய சரியான விளக்கம், மசாஜ் போன்றவை இருக்கின்றன.

இதை முதலில் படித்தபோது எனக்குக் கஷ்டமாக இருந்தது. கட்டிலில் படுத்தவர்கள் "அப்பாடா" என்று சொன்னதை என் காதால் கேட்டிருக்கிறேனே! பிறகுதான் நிதானமாக யோசித்தேன். ஆராய்ச்சி கேட்ட கேள்வி வேறு: சில வாரம், சில மாதம் கழித்து, இழுத்தவர்கள் இழுக்காதவர்களைவிட நன்றாக இருக்கிறார்களா? நோயாளி சொல்வது வேறு: இப்போது, இந்த நிமிஷம் சுகமாக இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். நாற்காலியில் இருக்கும்வரை பாரம் குறைகிறது, நரம்பு வேருக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கிறது, தசை தளர்கிறது. எழுந்து நின்றதும் பாரம் திரும்ப ஏறிக்கொள்கிறது. பெரியப்பாவே சொன்னார்: கடையிலிருந்து கார் நிறுத்தத்துக்கு நடந்துபோகும்போதே பழைய பிடிப்பு மெதுவாக வந்து உட்கார்ந்துகொண்டதாம்.

கடைச் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தார்கள். சிவப்பாகப் பிதுங்கிய டிஸ்க், பக்கத்திலேயே நாற்காலிக்குப் பிறகு உள்ளே போய் நீலமாக மாறிய டிஸ்க். பெரியப்பா தன் எம்.ஆர்.ஐ. சீட்டைப் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்திருக்கிறார். எல்-4, எல்-5 நடுவே புடைப்பு என்று அதில் இருக்கிறது. அந்தச் சுவர்ப்படம் தன் சீட்டுக்கே பதில் சொல்வதாக அவருக்குத் தோன்றியிருக்கிறது.

எனக்கு அந்தப் படத்தின்மேல்தான் கோபம். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளை 2015-ல் தொகுத்தார்கள். 20 வயதுக்காரர்களில் நூற்றுக்கு 30 பேருக்கு டிஸ்க் புடைப்பு இருந்தது. 80 வயதில் 84 பேருக்கு. ஒருவருக்கும் வலி கிடையாது. வயதானால் தலை நரைப்பது மாதிரி டிஸ்க்கும் புடைக்கிறது. ஸ்கேனில் புடைப்பு தெரிவதாலேயே வலிக்குக் காரணம் அதுதான் என்று ஆகிவிடாது. நிஜமாகவே பிதுங்கி நரம்பைத் தொட்ட டிஸ்க்கும் பல பேருக்குச் சில மாதங்களில் உடம்பாலேயே கரைக்கப்பட்டுச் சுருங்குகிறது. அந்த நேரம் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் பெயர் நாற்காலிக்குப் போய்விடும்.

பெரியப்பாவுக்கு வலி ஏன் என்று என்னைக் கேட்டால், 26 வருஷம் அதிர்கிற இருக்கையில் இருந்ததும், ஓய்வுபெற்ற பிறகு வலிக்குப் பயந்து அசையாமலே இருந்ததும்தான் என்பேன். வாகன அதிர்வு இடுப்புக்குக் கெடுதல் என்பது ஓட்டுநர்களிடம் நன்றாகப் பார்த்த விஷயம். பயந்து அசையாமல் இருக்கும் முதுகு இன்னும் பலவீனமாகும், பலவீனமான முதுகு சீக்கிரம் வலிக்கும். நாற்காலி தரும் சுகத்தை இந்தச் சுற்றை உடைக்கப் பயன்படுத்தினால்தான் அதற்கு மதிப்பு. பத்து நிமிஷம் உட்கார்ந்து, வலி இறங்கியதும் எழுந்து நடக்க வேண்டும். உட்கார்ந்து சுகப்பட்டு, அங்கேயே தூங்கிவிட்டால் பழைய கதைதான்.

யார் உட்காரவே கூடாது

இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். பேரங்காடியில் பெரியப்பாவிடம் யாரும் இதில் ஒன்றையும் கேட்கவில்லை.

எலும்புத் தேய்மானம் வேறு, எலும்பு நொறுங்கும்படி மெலிவது வேறு. இரண்டாவது உள்ளவர்கள், குறிப்பாக மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு மெலிந்த பெண்களும், நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்களும் இழுக்கவே கூடாது. விலாப் பட்டையின் அழுத்தத்திலேயே விலா எலும்பு விரிசல் விடலாம். கர்ப்பிணிகள், முதுகெலும்பில் முறிவோ கிருமித் தொற்றோ கட்டியோ உள்ளவர்கள், புற்றுநோய் வந்து போனவர்கள், முதுகில் அறுவைச் சிகிச்சை செய்து கம்பி, திருகாணி வைத்தவர்கள், வயிற்றுப் பெருந்தமனியில் வீக்கம் உள்ளவர்கள் எல்லாரும் மருத்துவரைக் கேட்காமல் கிட்டேயே போகவேண்டாம். ஆஸ்துமா உள்ளவருக்கு மார்புப் பட்டை மூச்சை முட்டும். தலை கீழாகச் சாய்க்கும் வகையாக இருந்தால் ரத்த அழுத்தக்காரர்களும் கண் அழுத்த நோய் உள்ளவர்களும் தவிர்க்க வேண்டும்.

இன்னும் சில அறிகுறிகள் வந்தால் நாற்காலியையும் என்னையும் மறந்துவிட்டு நேராக அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும். சிறுநீர் வராமல் அடைப்பது அல்லது தெரியாமலே போய்விடுவது, சைக்கிள் இருக்கையில் படும் இடம் மரத்துப்போவது, இரண்டு காலும் பலமிழப்பது. தண்டுவடம் எல்-1, எல்-2 பக்கம் முடிந்ததும் அதற்குக் கீழே நரம்புகள் குதிரைவால் போலத் தொங்குகின்றன. அந்தக் கற்றை நசுங்கினால் இப்படி ஆகும். சில மணி நேரத் தாமதம்கூட ஆயுசுக்கும் குறையாக நின்றுவிடலாம். செபராங் ஜெயா மருத்துவமனையோ, தீவில் பினாங்கு பெரிய மருத்துவமனையோ, எது பக்கமோ அங்கே போங்கள். இரவானாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். காரணமில்லாமல் எடை குறைவது, காய்ச்சலோடு முதுகு வலிப்பது, படுத்தாலும் குறையாத ராத்திரி வலி, இவற்றுக்கும் சீக்கிரமாக மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வீட்டில் ஏற்கெனவே இருந்தால்

வாங்கிவிட்டவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. மேலே சொன்ன எதுவும் உங்களுக்கு இல்லையென்றால் பயன்படுத்துங்கள். குறைந்த இழுப்பில் ஐந்து நிமிஷம் தொடங்கி, பத்துக்கு மேல் போகவேண்டாம். உட்கார்ந்திருக்கும்போது வலி எங்கே நகருகிறது என்று கவனியுங்கள். காலில் இருந்த வலி மேலேறி இடுப்பின் நடுவுக்கு வந்து நின்றால், இடுப்பில் கொஞ்சம் கூடினாலும் அது நல்ல அடையாளம். இடுப்பில் இருந்தது தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் இறங்கினால் உடனே நிறுத்துங்கள். முடித்ததும் சக்கரத்தைச் சட்டென்று விடாதீர்கள். இழுப்பு ஒரேயடியாகத் தளரும்போது தசை வெடுக்கென்று பிடித்துக்கொள்ளும். மெல்லத் தளர்த்தி, நிமிர்ந்த நிலையில் ஒரு நிமிஷம் சும்மா இருந்துவிட்டு எழுந்திருங்கள்.

இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், விற்பவரிடம் இது மருத்துவக் கருவியாகப் பதிவு செய்ததா என்று கேளுங்கள். மலேசியாவில் 2012-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் சட்டப்படி, நோய்க்குச் சிகிச்சை என்று சொல்லி விற்கும் கருவியை மருத்துவக் கருவிகள் ஆணையத்தில் பதிய வேண்டும். வாயால் "டிஸ்க்கைக் குணப்படுத்தும்" என்று சொல்லிவிட்டு, பதிவைக் கேட்டால் "இது வெறும் நாற்காலிதான்" என்று பின்வாங்குகிறார்களா பாருங்கள். பதிவு இருப்பதாலேயே விளம்பரம் முழுக்க உண்மை என்று ஆகிவிடாது. ஆனால் கேள்வி கேட்டதும் விற்பவர் முகம் எப்படி மாறுகிறது என்பதே நிறையச் சொல்லிவிடும். எத்தனை கிலோ வரை தாங்கும், பிடிக்காவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

அந்த நாலாயிரம் வெள்ளிக்கு முன்னால் செலவில்லாத இரண்டைச் செய்து பாருங்கள். தரையில் மெல்லிய பாய் விரித்து மல்லாந்து படுத்து, கெண்டைக்கால் இரண்டையும் நாற்காலிமேல் வையுங்கள். இடுப்பும் முழங்காலும் செங்கோணத்தில் மடங்கியிருக்க வேண்டும். பத்து நிமிஷம். இதில் கிடைக்கும் ஓய்வு அந்த நாற்காலிக்குக் குறைந்ததில்லை. இன்னொன்று, சமையலறை மேடையின் விளிம்பில் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றி, முழங்கையை நிமிர்த்தி, கால் தரையில் இருக்கும்போதே உடம்பின் எடையைக் கைக்குக் கொடுத்து, இடுப்பைத் தொங்கவிடுவது. மூன்று மூச்சு விட்டு, அப்புறம் எடையை மெல்லக் காலுக்குத் திருப்புங்கள். கொதிக்கிற சட்டி பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பா அன்று நாற்காலி வாங்கவில்லை. மறுநாள் அரசு கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி மருத்துவரைப் பார்த்தார். எலும்பு மெலிவு இல்லை, கால் பலம் சரியாக இருக்கிறது என்று தெரிந்தபிறகு நான் பயிற்சி கொடுத்தேன். இப்போது விடியற்காலை பாந்தாய் ரோபினா கடற்கரையில் நடக்கிறார். முதல் வாரம் மூன்று விளக்குக் கம்பம் தாண்டியதும் இடுப்பு பிடித்தது. பெஞ்சில் கையை ஊன்றி, அந்த எடைக்கருவியில் கற்றுக்கொண்ட மாதிரி பாரத்தை இறக்கி, மூன்று மூச்சு விட்டு, மறுபடி நடந்தார். நேற்று போன் செய்து பதினொன்று என்றார். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் படி ஏறலாமா என்றும் கேட்டார். ஐந்நூற்றுச் சொச்சம் படி. மாடிப்படியில் முதலில் எண்ணத் தொடங்குங்கள், பெரியம்மாவை எண்ணச் சொல்லுங்கள் என்றேன்.